சுவருக்குள் இருக்கும் ஒயரையும் கணக்கில் எடுங்கள்

வல்லக்கோட்டை, வல்லம், ஒரகடம், மாத்தூர் சுற்றுவட்டாரத்தில் தொழிலாளர்களுக்கு அறை வாடகைக்கு விடும் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்



அடுத்த மாடி எழுப்பும் முன், இருக்கிற அறையில் இன்னொரு கட்டில் போடும் முன், ஒரு நல்ல ஒயர்மேனை அழைத்து உங்கள் கட்டடத்தின் ஒயரிங் எவ்வளவு மின்சாரத்தைத் தாங்கும் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். உங்களிடம் நான் கேட்பது இதுதான். ஏன் கேட்கிறேன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். நான் இந்த வட்டாரத் தொழிற்சாலை ஒன்றில் மின் பராமரிப்பு வேலை பார்ப்பவன். உங்களைப் போன்ற ஒருவரின் மாடி அறையில் வாடகைக்கு இருந்தவனும்கூட.

இந்த ஊர்ப்பக்கம் எப்படி மாறியது என்பதை நீங்கள்தான் முதலில் பார்த்தீர்கள். 2010இல் ஒரகடத்தில் கார் ஆலை ஓடத் தொடங்கியது. அதைத் தொடர்ந்து லாரி, மோட்டார் சைக்கிள், டயர், செல்போன் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் வந்தன. வேலைக்கு வந்தவர்களுக்குத் தங்க இடம் வேண்டும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் அரசின் சிப்காட் நிறுவனம் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் பெரிய விடுதியைத் திறந்தது. அவ்வளவு பெரிய கட்டடம் வந்த பிறகும், தென் மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்தும் வருகிற பலருக்கு உங்கள் அறைகள்தான் வீடு. கடன் வாங்கி, நகையை வைத்து, நீங்கள் அந்த அறைகளைக் கட்டியிருக்கிறீர்கள். அந்த உழைப்பை நான் குறைவாக எண்ணவில்லை.

ஆனால் அந்த அறைகளில் பல, ஒரு குடும்பம் வாழ்வதற்காகக் கட்டிய வீட்டைத் தடுத்து உருவானவை. இரண்டு ட்யூப் லைட், இரண்டு ஃபேன், ஒரு டிவி, ஒரு மிக்சி என்று நினைத்து இழுத்த ஒயர் அது. இன்று அதே ஒயரில் ஆறு பேரின் சமையலும் குளியலும் ஓடுகின்றன. சுவருக்கு மேல் புது பெயின்ட் அடித்துவிட்டோம், தரைக்கு டைல்ஸ் போட்டுவிட்டோம். சுவருக்கு உள்ளே இருப்பது மட்டும் அன்றைக்கு இழுத்ததேதான்.

மின்சாரம் ஓடும் எந்தக் கம்பியும் சூடாகும். தாமிரக் கம்பிக்குள் ஓடுகிற எலக்ட்ரான்கள் அதன் அணுக்களில் மோதிக்கொண்டே போகின்றன. அந்த மோதலில் இழக்கும் ஆற்றல் சூடாக வெளிப்படுகிறது. எவ்வளவு சூடு என்பதை இங்கிலாந்தின் மான்செஸ்டர் பக்கம் மதுவடிப்புத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் ஜூல் என்ற இளைஞர் 1840இல் அளந்து காட்டினார். தண்ணீருக்குள் கம்பிச் சுருளை வைத்து, மின்சாரத்தைச் செலுத்தி, தண்ணீர் எத்தனை டிகிரி சூடானது என்று வெப்பமானியில் பார்த்தார். அவர் கண்ட விதி நம் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் அதைப் படித்துத் தேர்வு எழுதியிருப்பார்கள். கம்பியில் உண்டாகும் சூடு, மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. ‘நாலு பேர் இருந்த இடத்தில் எட்டுப் பேர், கரண்டு பில் இரண்டு மடங்கு வரும், அவ்வளவுதானே’ என்று நாம் போடும் கணக்கு ஒயருக்குப் பொருந்தாது.

ஒரு அறையை எடுத்துக்கொள்வோம். மீட்டர் போர்டிலிருந்து அந்த அறைக்கு 15 மீட்டர் தூரம். போக ஒரு ஒயர், வர ஒரு ஒயர், ஆக 30 மீட்டர். கடையில் ‘ஒன் பாயிண்ட் ஃபைவ்’ என்று கேட்டு வாங்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயருக்கு மீட்டருக்குச் சுமார் 0.012 ஓம் மின்தடை. முப்பது மீட்டருக்கு 0.36 ஓம். 1,800 வாட் இன்டக்‌ஷன் அடுப்பு ஒன்று மட்டும் ஓடினால் ஏறத்தாழ 7.8 ஆம்பியர் இழுக்கும். அப்போது ஒயர் முழுவதிலும் உண்டாகும் சூடு 22 வாட். 15 மீட்டருக்குப் பரவியிருக்கும் 22 வாட்டைச் சுவர் எளிதாக வாங்கிக்கொள்ளும்.

இனி விடியற்காலை ஏ ஷிஃப்ட் நேரத்தை நினைத்துப் பாருங்கள். கம்பெனி பஸ் வருவதற்குள் ஒருவர் இன்டக்‌ஷனில் சோறு வைக்கிறார். இன்னொருவர் 1,500 வாட் வெந்நீர் ராடைப் பக்கெட்டில் போட்டிருக்கிறார். மூன்றாமவர் 1,500 வாட் கெட்டிலில் தண்ணீர் வைக்கிறார். மொத்தம் 20.9 ஆம்பியர். மின்னோட்டம் மூன்று மடங்குகூட ஆகவில்லை. சூடோ 22 வாட்டிலிருந்து 157 வாட்டுக்கு, அதாவது ஏழு மடங்குக்கு ஏறிவிட்டது. குழாய்க்குள் ஓடும் 1.5 ஒயருக்குப் பாதுகாப்பான எல்லை 15 ஆம்பியரை ஒட்டித்தான்.

இதோடு நின்றிருந்தால்கூட ஒரு கணக்கில் சமாளிக்கலாம். ஆனால் சூடான தாமிரத்தின் மின்தடை பழைய அளவிலேயே இருப்பதில்லை. வெப்பம் ஏறும்போது அதன் அணுக்கள் இன்னும் வேகமாக அதிர்கின்றன. எலக்ட்ரான்கள் அவற்றில் மோதுவது கூடுகிறது. மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் கூடுகிறது. 20 டிகிரியில் இருந்த ஒயர் 70 டிகிரிக்குப் போனால் அதன் மின்தடை ஐந்தில் ஒரு பங்கு கூடியிருக்கும். அப்போது நாம் பார்த்த 157 வாட், 188 வாட்டாகும். மின்தடை கூடியதால் சூடு கூடுகிறது, சூடு கூடியதால் மின்தடை கூடுகிறது. சுற்றியுள்ள காற்றும் சுவரும் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டே இருந்தால் இது ஓரிடத்தில் நின்றுவிடும். ஒரே குழாய்க்குள் பல ஒயர்களைத் திணித்திருந்தால் சூடு வெளியேற வழியில்லை, நிற்கவேண்டிய இடம் மேலே மேலே போகும்.

அதே மின்னோட்டம்தான் கெட்டிலுக்குள்ளும் ஓடுகிறது, கெட்டிலின் வடத்திலும் ஓடுகிறது. உள்ளே இருக்கும் நிக்ரோம் கம்பி தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவுக்குச் சூடாக, வெளி ஒயர் ஏன் சும்மா இருக்கிறது? நிக்ரோமின் தன்மின்தடை தாமிரத்தைப் போல அறுபது மடங்குக்கு மேல். சூடு வேண்டிய இடத்தில் மின்தடை அதிகமான பொருளையும், சூடு வேண்டாத இடத்தில் குறைவான பொருளையும் வைத்திருக்கிறார்கள். ஒயரிங் என்னும் தொழிலின் சாரமே இந்த ஏற்பாடுதான். ஒயர் மெலிந்து போனாலோ, இணைப்பு தளர்ந்து போனாலோ, வேண்டாத இடத்தில் நாமே ஒரு அடுப்பைக் கட்டி வைத்தவர்கள் ஆகிறோம்.

நம் ஊர் வெயிலையும் இதில் சேர்க்க வேண்டும். சாதாரண பிவிசி ஒயரின் மேலுறை 70 டிகிரி வரை நிலையாகத் தாங்கும். சுற்றுப்புறம் 40 டிகிரி என்றால், ஒயர் தன் சூட்டால் ஏறுவதற்கு 30 டிகிரி இடம் இருக்கிறது. சித்திரை வெயிலில் காய்ந்த தளத்துக்குள்ளோ தகரக் கூரைக்குக் கீழோ 50 டிகிரி இருந்தால், மிஞ்சுவது 20 டிகிரிதான். அப்போது அதே ஒயரில் ஓடவிடக்கூடிய மின்னோட்டத்தை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டும். மொட்டைமாடியில் ஷீட் போட்டு எழுப்பிய அறைகளுக்குத்தான் கீழ்த்தள அறைகளைவிடத் தடித்த ஒயர் வேண்டும். நடைமுறையில் அங்கேதான் மிச்சம் மீதி ஒயரை இழுக்கிறோம்.

சூடான ஒயர் அன்றே எரிந்துவிடாது, அதனால்தான் நாம் ஏமாந்துபோகிறோம். பிவிசி மேலுறையை இளக்கமாக வைத்திருக்கும் சேர்மானம் சூட்டில் மெல்ல ஆவியாகிறது. மேலுறை விறைத்து, வெடித்து, உதிரத் தொடங்குகிறது. வெப்பநிலை 8 முதல் 10 டிகிரி கூடினால் காப்புப் பொருளின் ஆயுள் பாதியாகும் என்பது மின் பொறியியலில் நீண்ட காலமாகப் புழங்கும் கணக்கு. முப்பது ஆண்டு நிற்கவேண்டிய ஒயரிங் சில ஆண்டுகளில் கிழடாகிவிடும். ஒரு நாள் இரண்டு கம்பிகள் தொட்டுக்கொள்ளும்போது ‘ஷார்ட் சர்க்யூட்’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அது ஒரு நொடியில் நடந்ததல்ல, பல விடியற்காலைகளாக நடந்து வந்தது.

மீட்டர் போர்டில் எம்சிபி என்ற தானியங்கி சுவிட்ச் இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். காப்பாற்றும், நாம் அதன் வேலையைச் செய்யவிட்டால். எம்சிபிக்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு பட்டை இருக்கிறது. மின்னோட்டம் அந்தப் பட்டையையும் சூடாக்கும். ஒன்று அதிகமாக, மற்றொன்று குறைவாக விரிவதால் பட்டை வளையும், வளைந்து விசையைத் தட்டிவிடும். ஒயரைச் சூடாக்கும் அதே விதியை வைத்தே ஒயரைக் காக்கும் அழகான ஏற்பாடு. ஆனால் அதன் அளவைப் புரிந்துகொள்ள வேண்டும். தர விதிப்படி, 16 ஆம்பியர் எம்சிபி 18 ஆம்பியரில் ஒரு மணி நேரத்துக்குள் விழக்கூடாது. 23 ஆம்பியரைத் தாண்டினால்தான் ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் விழும். நாம் பார்த்த 20.9 ஆம்பியர் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. விழலாம், விழாமலும் போகலாம். அரை மணி நேரச் சமையலுக்குள் பெரும்பாலும் விழாது.

அது விழும்போது நாம் என்ன செய்கிறோம்? “அண்ணே, எம்சிபி அடிக்கடி விழுது” என்று அறைக்காரப் பையன் வந்து சொல்வான். “பெருசா ஒண்ணு போட்டுடு” என்போம். 16ஐக் கழற்றிவிட்டு 32 மாட்டுவார்கள். இந்த வட்டாரத்தில் நான் அதிகம் அஞ்சுவது ‘பெருசா ஒண்ணு போட்டுடு’ என்ற அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். 32 ஆம்பியர் எம்சிபி 36 ஆம்பியர் வரை அசையாமல் இருக்கலாம். அந்த மின்னோட்டத்தில் அதே 1.5 ஒயரில் 460 வாட்டுக்கு மேல் சூடு உண்டாகும். பழைய ஃபியூஸ் கட்டையில் நாலைந்து இழை தாமிரக் கம்பியை முறுக்கிக் கட்டுவதும் இதே செயல்தான். எம்சிபியின் அளவு, உள்ளே ஓடும் சாமான்களைப் பார்த்து வைப்பதல்ல, சுவருக்குள் இருக்கும் ஒயரைப் பார்த்து வைப்பது. அது விழுகிறது என்றால் ஒயர் உதவி கேட்கிறது என்று கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஷாக் அடிக்காமல் காக்கும் ஆர்சிசிபி பல வீடுகளில் வந்துவிட்டது, நல்லது, எல்லோரும் பொருத்துங்கள். ஆனால் அது மின்கசிவை மட்டுமே பார்க்கும். ஒயர் அளவுக்கு மீறிச் சூடாவதை அது அறியாது. ஆர்சிசிபி போட்டாயிற்று, கவலையில்லை என்று இருந்துவிட முடியாது.

எம்சிபியும் ஆர்சிசிபியும் சேர்ந்தாலும் பிடிக்க முடியாத ஆபத்து ஒன்று உண்டு. அது தளர்ந்த இணைப்பு, நாம் ‘லூஸ் கான்டாக்ட்’ என்று சொல்வது. பிளக் பாயிண்டில் ஒரு திருகு சரியாக முடுக்கப்படவில்லை, அங்கே 0.1 ஓம் மின்தடை கூடிவிட்டது என்று வையுங்கள். 10 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரு புள்ளியில் 10 வாட் சூடு. 20 ஆம்பியர் ஓடினால் 40 வாட். ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் பெரும்பாலும் 25 வாட்தான். அதைவிட அதிகச் சூடு தரும் ஒன்றை சுவிட்ச் போர்டுக்குள் வைத்து மூடியது போலாகும். சூட்டில் தாமிரத்தின் மேல் ஆக்சைடு படியும், மின்தடை இன்னும் கூடும், சூடு இன்னும் கூடும். மொத்த மின்னோட்டம் கூடவில்லை என்பதால் எம்சிபிக்கு எதுவும் தெரியாது. கம்பத்திலிருந்து வரும் அலுமினிய சர்வீஸ் ஒயர் வீட்டுத் தாமிரத்தோடு சேரும் இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். அலுமினியம் தாமிரத்தைவிட அதிகமாக விரிந்து சுருங்கும், நாளடைவில் பிடி தளரும்.

தளர்ந்த இணைப்பு எதில் முடியும் என்பதற்கு ஒரு சான்று: டெல்லி கிரீன் பார்க்கில் இருந்த உப்ஹார் திரையரங்கில் 1997 ஜூன் 13 அன்று 59 பேர் இறந்தார்கள். அன்று காலையிலேயே அங்கிருந்த டிரான்ஸ்ஃபார்மரில் தீப்பிடித்தது, அணைத்துப் பழுது பார்த்தார்கள். கேபிளின் முனையில் சாக்கெட்டைப் பொருத்தும்போது கிரிம்பிங் கருவியைப் பயன்படுத்தாமல் சுத்தியலால் அடித்துப் பொருத்தியதும், இணைப்பு தளர்ந்து பொறி பறந்ததும் வழக்கு விசாரணையில் வெளிவந்தன. மாலையில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் பற்றியது. மேலே போன புகையில், வெளியேறும் வழி அடைபட்ட பால்கனியில் இருந்தவர்கள் மூச்சுத் திணறி இறந்தார்கள். கேபிள் முனையின் தளர்வு ஒரு தவறு, அடைபட்ட வழி இன்னொரு தவறு. இரண்டையும் நம் கட்டடங்களில் தேடிப் பார்க்க வேண்டும். ஒரே படிக்கட்டு, அதன் கீழேயே மீட்டர் போர்டு, அதை ஒட்டி நிறுத்திய பைக்குகள் என்று எத்தனை கட்டடங்கள் இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும்.

உங்கள் அறையில் தூங்குகிற பிள்ளைகளில் பலர் ஜூலின் இந்தச் சூட்டு விதியைப் பகல் முழுக்கக் கையாள்கிறவர்கள். கார் ஆலையின் பாடி ஷாப்பில் ஸ்பாட் வெல்டிங் என்பது என்ன? இரண்டு இரும்புத் தகடுகளைத் தாமிர முனைகளால் அழுத்தி, எட்டாயிரம், பத்தாயிரம் ஆம்பியரை ஒரு நொடிக்கும் குறைவான நேரம் செலுத்துகிறார்கள். தகடுகள் தொடும் இடத்தில் மின்தடை அதிகம், அங்கேயே இரும்பு உருகி ஒட்டுகிறது. ஒரு காரில் இப்படி ஆயிரக்கணக்கான புள்ளிகள். அங்கே ஆம்பியரும் நேரமும் அழுத்தமும் கணக்கு மாறாமல் கவனிக்கப்படுகின்றன. எங்கள் ஆலையில் மின் பேனல்களைத் தெர்மல் கேமராவால் படம் பிடித்து, எந்த போல்ட் மற்றவற்றைவிடச் சூடாக இருக்கிறது என்று தேடுகிறோம். தளர்ந்ததை முடுக்குகிறோம். எட்டு மணி நேரம் அவ்வளவு காவலோடு வேலை செய்தவர், மிச்ச நேரம் தூங்கும் இடத்தில் சுவிட்ச் போர்டு பழுப்பேறிக் கிடப்பது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்கும் தோன்றாது என்று நம்புகிறேன்.

என்ன செய்யலாம்? ‘இன்டக்‌ஷன், ராடு கூடாது’ என்று அறிவிப்பு ஒட்டுவது பயன் தராது. பசிக்கும் மனிதர் சமைப்பார், மார்கழிக் குளிரில் விடியற்காலை வேலைக்குப் போகிறவர் வெந்நீர் வைப்பார். தடை போட்டால் கட்டிலுக்கு அடியில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டிச் சமைப்பார்கள், ஆபத்து நம் கண்ணுக்கு மறைந்துவிடும். அவர்கள் செய்யப்போவதற்கு ஏற்றபடி ஒயரை அமைப்பதுதான் வழி. ஒவ்வோர் அறைக்கும் சமையலுக்கென்று ஒரு பவர் பாயிண்ட், அதற்கு மீட்டர் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், அதற்கேற்ற எம்சிபி. விளக்கு, ஃபேனுக்குத் தனித் தடம். வெந்நீருக்கு அறைக்கு ஒரு ராடு என்பதற்குப் பதில், கட்டடத்துக்குப் பொதுவாக ஒரு சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்தால், விடியற்காலை லோடில் பெரும்பகுதி போய்விடும். மொத்த லோடு கூடியிருந்தால் மின்வாரியத்தில் கூடுதல் மின்பளுவுக்கு விண்ணப்பியுங்கள். தெரு டிரான்ஸ்ஃபார்மருக்கும் இதே சூட்டுக் கணக்குத்தான்.

ஒயர்மேனைத் தேர்ந்தெடுக்கும்போது அரசுத் தகுதிச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய ஒயர்மேன்கள் 1/18, 3/20, 7/20 என்று ஒயரைச் சொல்வார்கள். ஏறத்தாழ 1.2, 2, 4.6 சதுர மில்லிமீட்டர் என்று அவற்றைக் கொள்ளலாம். உங்கள் சுவருக்குள் எது இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வாங்கி, மீட்டர் போர்டு கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, மெயினை நிறுத்திவிட்டு, எல்லாப் போர்டுகளின் திருகுகளையும் முடுக்கச் சொல்லுங்கள். அரை நாள் வேலை. இதைவிடக் குறைந்த செலவில் இவ்வளவு உயிர்களைக் காக்கும் காரியம் வேறு எனக்குத் தெரியாது.

குடியிருப்பவர்களிடமும் பேசுங்கள். பிளக்கைக் கழற்றும்போது அது கை பொறுக்காத சூடாக இருந்தால், போர்டு பழுப்பேறியிருந்தால், கருகிய வாடை வந்தால், விளக்கு மினுக்கினால், எந்த நேரமானாலும் உங்களை அழைக்கலாம் என்று சொல்லுங்கள். அதை இந்தியிலும் எழுதி ஒட்டுங்கள். சொல்ல வந்தவரைக் கடிந்து அனுப்பாதீர்கள். திட்டு வாங்க அஞ்சி மறைத்த ஒரு வாடை பெரிய தீயாகும்.

செலவை நினைத்துத் தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சூட்டை இவ்வளவு வேகமாக ஏற்றுகிற அதே விதி, இறக்கும்போதும் அதே வேகத்தில் நமக்காக வேலை செய்யும். ஒரே 1.5 ஒயரில் 20 ஆம்பியர் ஓடினால், நம் கணக்குப்படி 144 வாட் சூடு. அதை இரண்டு தடமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10 ஆம்பியர் ஓடவிட்டு, ஒயரையும் 4 சதுர மில்லிமீட்டர் ஆக்கினால் ஒரு தடத்துக்கு 14 வாட்டுக்கும் குறைவு. பத்தில் ஒரு பங்கு. யாருடைய சமையலையும் நிறுத்தவில்லை, யாரையும் காலி செய்யச் சொல்லவில்லை. சில காயில் ஒயரும் ஒரு நல்ல ஒயர்மேனின் சில நாள் வேலையும்தான். பங்குனி பிறப்பதற்குள் அந்த வேலையை முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு ஏசியும் சேரும், தளமும் காயும்.

உங்கள் கட்டடத்தின் லோடு கணக்கைப் போட யாரேனும் விரும்பினால், பேனாவும் தாளுமாக உடன் உட்கார நானும், என்னைப் போல இந்த ஆலைகளில் மின்வேலை பார்க்கும் பலரும் ஞாயிற்றுக்கிழமைகளில் தயாராக இருக்கிறோம். கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் ஊரில் வாழும் ஒரு மின் பராமரிப்புத் தொழிலாளி,
வல்லக்கோட்டை